என் பெயரில் ஒரு கூரை திறக்கும் கார்

என் பெயரில் ஒரு கார் இருக்கிறது. பொத்தானை அமுக்கினால் கூரை திறந்து பின்னால் மடங்கிக்கொள்ளும் வகை. இரண்டே பேர் உட்காரலாம். அதன் ஆர்.சி. புத்தகத்தில் என் பெயரும் என் அண்ணன் வீட்டு விலாசமும் அச்சாகியிருக்கின்றன. எனக்கு ஓட்டத் தெரியாது. அதில் நான் ஏறிய தடவைகளை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம்.

இதைத் தமிழில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. எங்கள் வீட்டில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தது எல்லைக்கு அந்தப் பக்கம், கன்னியாகுமரி ஜில்லாவில். கல்யாணமாகி இந்தப் பக்கம், கேரளத்துக் கொல்லயிலுக்கு வந்தேன். மகன், மருமகள், பேத்தி மூன்று பேரும் பள்ளியில் படித்தது மலையாளம். வீட்டில் எல்லோரும் தமிழ்தான் பேசுகிறோம், ஆனால் தமிழ் எழுத்தைக் கண்டால் அவர்களுக்குக் கட்டெறும்பு ஊர்ந்த மாதிரிதான். அதனால் நோட்டை ஒளித்து வைக்கத் தேவையில்லை. சாப்பாட்டு மேசையிலேயே கிடக்கிறது.

மகன் பதினெட்டு வருஷம் வளைகுடாவில் இருந்தான். கூரை திறக்கும் கார்களின் கூரையைச் சரிசெய்கிற பட்டறையில் வேலை. எத்தனையோ வண்டிகளின் கூரையைத் திறந்து மூடிப் பார்த்தவன், அவற்றைப் பட்டறைக்குள்ளிருந்து வாசல் வரைக்கும்தான் ஓட்டியிருக்கிறான். ஊருக்குத் திரும்பிப் பாலராமபுரத்தில் கார் ஏசி சரிசெய்யும் கடை வைத்தான். மருமகளுக்கும் அங்கேயே ஒரு துணிக்கடையில் வேலை கிடைத்தது. தினமும் போய்வர ஒரு வண்டி வேண்டும் என்று வந்தபோது, ஐந்து பேர் இருக்கும் சின்னக் கார்தான் வரும் என்று நான் நினைத்தேன்.

"ரெண்டு சீட்டா?" என்று மருமகள் கேட்டாள். "பிள்ள எங்க இருக்கும்? ஒங்க மடியிலயா?"

"அவளாக்கும் தனுவச்சபுரத்துக்கு காலேஜ் பஸ்ஸுல போறாளே. ஒனக்கும் எனக்கும் ரெண்டு சீட்டு போராதா?"

"அப்போ மாமி?"

"அம்மைக்கு மாசத்துல ஒரு நாளு கண்ணாஸ்பத்திரி. அன்னைக்கு ஒரு நாளு நீ பஸ்ஸுல போ."

நான் பக்கத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். என்னிடம் யாரும் கேட்கவில்லை. அடுத்த கொத்தை எடுத்தேன்.

புதிய குடும்பக் கார் ஒன்றுக்குக் கொடுக்கிற காசுக்கே இந்த மாதிரி வண்டி பழசில் கிடைக்கும் என்றான் அவன். "பணக்காரன் ஆசப்பட்டு வாங்குவான். ரெண்டு வருஷம் ஓட்டுவான். மூணாம் வருஷம் சலிச்சு மூலையில போட்டிருவான். ரெண்டு சீட்டு வண்டி வாங்க ஆளு காணாது. அதாக்கும் வெல கொறவு." இந்தப் பேச்சை அவன் பல நாள் பேசினான். மருமகள் முதலில் முறைத்தாள், பிறகு எந்த நிறம் என்று கேட்டாள்.

என் பெயர் உள்ளே வந்தது இப்படித்தான். கேரளத்தில் அந்த மாதிரி வண்டிக்கு வரி அதிகம். தமிழ்நாட்டு வண்டியை இங்கே கொண்டுவந்து இந்த நம்பருக்கு மாற்றினாலும் வரி கட்ட வேண்டும். தமிழ்நாட்டு நம்பரிலேயே விட்டுவைத்தால் ஒன்றும் வேண்டாம். ஆனால் அதற்குத் தமிழ்நாட்டில் விலாசம் உள்ள ஆள் வேண்டும்.

எல்லையில் இருக்கும் எங்களுக்கு இரண்டு கரை உண்டு. பெட்ரோல் அந்தக் கரையில், ரேஷன் இந்தக் கரையில், கோழி அந்தக் கரையில், ஆஸ்பத்திரி இந்தக் கரையில். எது எங்கே லாபமோ அங்கே ஒரு காகிதம் வைத்திருப்பார்கள். யாரும் அதைத் தப்பாக நினைப்பதில்லை. என் ஆதார் அட்டை களியக்காவிளைக்கு அப்பால் அண்ணன் வீட்டு விலாசத்தில் இருந்தது. அண்ணி படுக்கையில் கிடந்த வருஷம் நான் அங்கே தங்கி, பகலில் பக்கத்து அண்டி ஆபீஸில் முந்திரிப் பருப்பு தோலுரிக்கப் போனேன். அப்போது அங்கே வைத்துக் கைரேகை எடுத்தார்கள். பிறகு அதை மாற்றவில்லை. ரேஷன் கார்டும் ஓட்டும் இங்கே.

பென்ஷனும் இங்கே. கணவர் போனபிறகு கேரள சர்க்கார் தருகிற விதவைப் பென்ஷன். கூட்டுறவு வங்கிக்காரர் வீட்டு வாசலுக்கே வந்து, என் முழுப் பெயரையும் சொல்லி அழைத்து, கையில் தருவார். வேறு யாரும் என்னை அந்தப் பெயர் சொல்லி அழைப்பது கிடையாது. கண்ணுக்கு மருந்து, வெற்றிலை, பேத்திக்கு எப்போதாவது ஒரு வளையல். பெரிய தொகை ஒன்றுமில்லை. ஆனால் எதற்கு என்று யாரும் கேட்காத காசு அது ஒன்றுதான் என் ஆயுசில் எனக்கு வந்தது.

அதனால் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "எனக்க பென்ஷனுக்கு ஒண்ணும் ஆவாதா மக்கா?"

"பென்ஷன் கேரளம், வண்டி தமிழ்நாடு. இவனுவ போய் அவனுவளுக்க கம்ப்யூட்டர நோக்குவினுமா? ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு பேச்சு மிண்டாத சர்க்காராக்கும் அம்மா."

மருமகள் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது.

பெயருக்குரியவள் என்பதால் வண்டி பார்க்கப் போன இடமெல்லாம் என்னையும் கூட்டிக்கொண்டு போனான். முதலில் நாகர்கோவில். பழைய கார்களை வரிசையாக நிறுத்தியிருந்த இடம். ஓரத்தில் ஒரு சிவப்பு வண்டி, துணிக் கூரை.

"வயசான அம்மாவ கூட்டிட்டு வந்திருக்கிய. உசரமான வண்டி காட்டட்டுமா?" என்றார் வியாபாரி.

"இதுதான். அம்மைக்க பேருல."

"அப்போ அம்மதான் ஓட்டுவாங்களோ?"

அங்கே நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். நான் தரையைப் பார்த்தேன். மகன் கதவைத் திறந்து உட்காரச் சொன்னான். அதில் ஏறுவது என்று சொல்ல முடியாது, இறங்குவதுதான். இடுப்பை முதலில் உள்ளே விட வேண்டும். பிறகு முழங்காலைக் கையால் பிடித்து ஒவ்வொரு காலாகத் தூக்கிப் போட வேண்டும். உட்கார்ந்தபிறகு வெளியே நிற்பவர்களின் இடுப்பும் பெல்ட்டும்தான் கண்ணுக்குத் தெரிந்தன.

"கொஞ்சம் வெள்ளம் வேணுமே," என்று மகன் கேட்டான்.

"கழுவித்தானே வச்சிருக்கேன்?"

"கழுவ இல்ல. அம்ம உள்ள இருக்கட்டு. மேல ஊத்திப் பாக்கணும்."

வியாபாரிக்கு அது பிடிக்கவில்லை. இருந்தாலும் குழாயைக் கொண்டுவந்து கொடுத்தார். நான் உள்ளே, கண்ணாடி எல்லாம் மூடி. தலைக்கு மேலே துணியில் தண்ணீர் கொட்டுகிற சத்தம். முதலில் கண்ணாடியும் துணியும் சேரும் மூலையில் ஒரு சொட்டு வந்து நின்றது. பிறகு என் இடது தோளில் விழுந்தது. வியாபாரி வெளியிலிருந்து குனிந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்காக நான் கொஞ்ச நேரம் தோளைத் துடைக்காமல் நனைந்தேன்.

"சொட்டுதா அம்மா?"

தலையை ஆட்டினேன். காலடியில் கிடந்த விரிப்பைத் தூக்கி அடியில் கையை வைத்தேன். அண்டி ஆபீஸில் எந்தச் சாக்கு ஈரம் பிடித்தது என்று கை வைத்தே சொல்லுவோம். இது இன்று விழுந்த தண்ணீர் இல்லை.

"பழைய ஈரம் மக்கா. கொறே நாளா வெள்ளம் கெட்டிக் கெடந்ததாக்கும்."

மகன் வியாபாரியைப் பார்த்துச் சிரித்தான். "கேட்டியளா? எனக்க அம்ம சொன்னா செரியாத்தான் இருக்கும்." நாலு பேர் முன்னால் அவன் என்னை மெச்சிச் சொன்னது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை. தோள் நனைந்ததை மறந்துவிட்டேன்.

அன்று திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கு நிறைய விளக்கம் சொன்னான். துணிக் கூரை நம் ஊருக்கு ஆகாது. வருஷத்தில் இரண்டு மழைக்காலம், பாசி பிடிக்கும். நம் முற்றம் முழுக்கத் தென்னை, ஒரு மட்டை விழுந்தால் கிழியும். இரும்புக் கூரைதான் வேண்டும். ஆனால் அதிலே மோட்டார் கெட்டால் செலவு. இவ்வளவையும் என்னிடம் எதற்குச் சொல்கிறான் என்று யோசித்தேன். வீட்டில் சொன்னால் மருமகள் வேண்டாம் என்பாள், அதனால்தான்.

அடுத்த வாரம் மார்த்தாண்டத்தில் ஒரு கறுப்பு வண்டி. கூரை பாதி எழுந்து, காற்றில் திரும்பிக்கொண்ட குடை மாதிரி அந்தரத்தில் நின்றுவிட்டது. விற்க வந்தவர் பேட்டரியில் சார்ஜ் குறைவு என்றார். மகன் குனிந்து எங்கோ காதை வைத்துக் கேட்டான். "பேட்டரி இல்ல அண்ணா, எண்ணெ ஒழுகுது. இதாக்கும் எனக்க தொழிலு." அவர் இரண்டு கையாலும் கூரையைத் தள்ளி மூடினார்.

மூன்றாவது வண்டி குலசேகரத்தில், ரப்பர் தோட்டக்காரர் ஒருவர் வீட்டில். சாம்பல் நிறம், இரும்புக் கூரை. பத்து வருஷம் பழசானாலும் அதிகம் ஓடாதது. அதிலே மகன் அரை நாள் செலவழித்தான். கூரையை ஆறு தடவை திறந்து மூடினான். கூரை மடங்குகிற இடத்தைச் சுற்றி மழைத் தண்ணீர் வடிய சின்ன ஓட்டைகள் இருக்கின்றன. அதற்குள் கம்பியை விட்டு மக்கிய ரப்பர் இலைகளைக் குப்பையாக இழுத்துப் போட்டான். இதை அடைய விட்டால்தான் தண்ணீர் உள்ளே வருமாம். பிறகு என்னை உள்ளே உட்கார வைத்து நாலு வாளி ஊற்றினான். ஒரு சொட்டு விழவில்லை.

அடுத்து என்னைப் பாரமாக வைத்துக்கொண்டு அந்த ஊர்ச் சர்ச்சுக்கு முன்னால் இருந்த வேகத்தடையில் ஏற்றி இறக்கினான். "அடி தட்டுதாண்ணு காது குடுத்துக் கேளு." நேராக ஏறினால் தட்டியது. கோணலாக, பைய ஏறினால் தட்டவில்லை. தினசரி ஓட்ட இது போதும் என்றான்.

கூரையைத் திறந்தால் அது மடங்கிப் போய்ச் சாமான் வைக்கும் இடத்தை முழுக்க நிரப்பிவிடும். ஒரு கைப்பைதான் செருகலாம். தோட்டக்காரரே அதைச் சொல்லிக் காட்டினார்.

"எங்களுக்கு என்னத்துக்குச் சாமான்? ரேஷன் அரிசிய எனக்க அம்ம தலையில கொண்டு வருவா," என்றான் மகன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அந்த வீட்டு அம்மாள் எனக்குக் காப்பி தந்தாள். "மகன் உங்களுக்கு கார் வாங்கித் தாறான். குடுத்து வச்சவங்க நீங்க." தலையை ஆட்டினேன். விளக்கிச் சொல்ல வெட்கமாக இருந்தது. பிறகு வண்டியின் முன்பக்கத்து மூடி மேல் தாள்களை விரித்தார்கள். ஒவ்வொன்றிலும் என் முழுப் பெயரையும் எழுத்து எழுத்தாக எழுதினேன். வெயிலில் அந்த இரும்பு சுட்டது.

திரும்பி வரும்போது கூரையைத் திறந்துவிட்டான். காற்று முகத்தில் அடித்தது. மார்த்தாண்டம் நெரிசலில் நின்றபோது பைக்கில் வந்த ஒருத்தன் எட்டிப் பார்த்தான். "அண்ணா, பாட்டிய எங்க கடத்துதிய?" மகன் சத்தம் போட்டுச் சிரித்தான். நான் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டேன். அன்றைக்கு எனக்கு அந்த வண்டி பிடித்திருந்தது. அதையும் எழுதிவிட வேண்டும், இல்லாவிட்டால் பொய்யாகும்.

அடுத்த நாளிலிருந்து அவனும் அவளும் அதில் போய்வந்தார்கள். என் ஆஸ்பத்திரி நாள் வந்தபோது மருமகளுக்குக் கடையில் சரக்கு கணக்கெடுக்கும் நாள், தாமதிக்க முடியாது. நான் நெய்யாற்றின்கரைக்குப் பஸ்ஸில் போனேன். அடுத்த மாதம் டயரில் காற்றில்லை. அந்த வண்டிக்கு மாற்று டயர் கிடையாதாம். மூன்றாவது மாதம் நான் கேட்கவில்லை, அவனும் நினைக்கவில்லை.

ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியது. அந்த மாதிரி வண்டி ஊரில் இன்னொன்று கிடையாது, யார் கண்ணுக்கும் தப்பாது. ஒரு காலையில் நெடுஞ்சாலையில் போக்குவரத்து அதிகாரிகள் நிறுத்தினார்கள். தமிழ்நாட்டு நம்பர் தினமும் இங்கே ஏன் ஓடுகிறது என்று கேட்டார்கள். உடைமைக்காரி தமிழ்நாட்டில்தான் இருக்கிறாள், இரவல் வாங்கி ஓட்டுகிறேன் என்று மகன் சொல்லியிருக்கிறான். அப்படியானால் அவளை ஆபீசுக்குக் கூட்டி வா என்றார்கள்.

அதில் நான் அடுத்து ஏறியது அந்த நாளில்தான். மருமகள் லீவு போட்டு வீட்டில் இருந்தாள். போகும் வழியில் மகன் சொல்லிக்கொடுத்தான்.

"அண்ணன் வீட்டுல இருக்கேண்ணு மட்டும் சொல்லு. வேற ஒண்ணும் மிண்டாண்டாம். கொல்லயிலுண்ணு வாயில வந்தா வரி கெட்டணும். கடையப் பூட்ட வேண்டியதுதான்."

"பென்ஷனு இங்கத்தது இல்லியா மக்கா? அங்க இருக்கேண்ணு சொன்னா…"

"அவங்க என்ன பென்ஷன் ஆபீஸா?"

மலையாளத்தில் அவனே எழுதி வைத்திருந்த தாளில் கையெழுத்துப் போட்டேன். அதிகாரி ஒரு பெண், என் மகனைவிடச் சின்ன வயது. எனக்கு நாற்காலி போடச் சொன்னாள். மலையாளத்தில் மெதுவாகக் கேட்டாள்.

"அம்மச்சி எவிடெயா தாமசம்?"

"அண்ணனுக்க வீட்டுல."

"அண்ணன் உண்டோ?"

அண்ணன் செத்து நாலு வருஷமாகியிருந்தது. மகனைப் பார்த்தேன். அவன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"உண்டு," என்றேன்.

அவள் எழுதிக்கொண்டாள். வண்டிக்கு வந்ததும் மகன் ஏசியைக் கூட்டி வைத்தான். "அம்ம கொள்ளாமே," என்று மெச்சினான். உயிரோடு இருந்தபோது, அண்ணி படுத்த அந்த ஒரு வருஷம் தவிர, அண்ணனுக்கு நான் ஒன்றும் செய்ததில்லை. செத்த மனுஷனை வரிக்காக எழுப்பிவிட்டு வந்தேன்.

பென்ஷன்காரர்கள் வருஷத்துக்கு ஒருமுறை கம்ப்யூட்டர் சென்டருக்குப் போய், உயிரோடு இருக்கிறோம் என்று விரலைப் பதிக்க வேண்டும். அந்த வருஷம் விரலைப் பதித்ததும் அங்கிருந்த பெண் திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அம்மச்சிக்கு காறுண்டல்லோ. ஆயிரம் சிசிக்கு மேல. பென்ஷன் கிட்டூல்லா." பெரிய கார் வைத்திருப்பவர்களுக்குப் பென்ஷன் கிடையாதாம்.

சர்க்கார்கள் இரண்டும் பேசிக்கொள்ளாமல்தான் இருந்திருக்கும். ஆனால் என் ஆதார் நம்பர் இரண்டு பக்கமும் ஒன்றுதான். இத்தனை வருஷம் இரண்டு கரையில் காகிதம் வைத்துப் பழகியவர்களுக்கு அது தோன்றவில்லை.

எனக்குப் பின்னால் நின்றவள் எங்கள் ஊர்க்காரி. "காறுக்காரி எதுக்கு இந்த வெயிலில கியூவுல நிக்குதா? காறுக்குள்ள இருந்தே வெரல நீட்டப்பிடாதா?" சுற்றி நின்ற கிழவிகள் எல்லாம் சிரித்தார்கள். நான் வீட்டுக்கு நடந்தேன்.

"அதுக்கென்ன, மாசாமாசம் நான் தாறேன்," என்றான் மகன். முதல் மாதம் தந்தான். இரண்டாவது மாதம், "இப்ப எதுக்காக்கும்?" என்று கேட்டான். வெற்றிலைக்கு என்றேன். "வெத்தல வேண்டாம், பல்லு போவும். கண்ணு மருந்து நான் வாங்கீட்டு வாறேன்." மருந்து வாங்கி வந்தான், குறை சொல்ல முடியாது. அதற்கு மேல் எனக்குக் கேட்க வாய் வரவில்லை.

வண்டி என் பெயரிலிருந்து மாறினால் திரும்பவும் பென்ஷனுக்கு எழுதிப் போடலாம் என்று கம்ப்யூட்டர் சென்டர் பெண் சொல்லியிருந்தாள். அதைச் சொல்ல ஒரு வாரம் பார்த்துப் பார்த்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் வண்டி கழுவும்போது போய் நின்றேன்.

"இத ஒனக்க பேருக்கு மாத்து மக்கா."

"எனக்க பேருக்கு மாத்தினா வரி."

"அப்போ வித்துரு."

"யாரு வாங்குவா? ஆளு காணாததுனாலயல்லியா நமக்கு இந்த வெலக்கு கிட்டிச்சு."

தண்ணீர்க் குழாயைத் திருப்பி மறுபக்கம் போய்விட்டான்.

அதற்குப் பிறகு நான் செய்ததை எந்தத் தைரியத்தில் செய்தேன் என்று எனக்குத் தெரியவில்லை. அவர்கள் இரண்டு பேரும் போனபிறகு பஸ் ஏறி அதே போக்குவரத்து ஆபீசுக்குப் போனேன். அதிகாரிக்கு என்னை நினைவிருந்தது.

"நான் கொல்லயிலில இருக்கேன். கல்யாணம் கழிஞ்ச நாளிலேருந்து அங்கயாக்கும்."

"அன்னு வேறெ பறஞ்சல்லோ?"

"அன்னைக்குச் சொன்னது பொய். அண்ணன் இல்ல. மரிச்சுப் போனாரு."

எழுதித் தர வேண்டும் என்றாள். மலையாளம் எழுத வராது என்றேன். தமிழில் எழுதச் சொல்லித் தாளும் பேனாவும் தந்தாள். எங்கே தாமசம், வண்டியை யார் ஓட்டுவது, எல்லாம் எழுதினேன். அவளுக்கு வாசிக்கத் தெரியாததால் பக்கத்து அறையிலிருந்து தமிழ் தெரிந்த ஒருவரை அழைத்தாள். அவர் என் எழுத்தை உரக்க வாசித்தார். என் மகன், என் மருமகள், செத்துப்போன என் அண்ணன், எல்லாம் அந்த அறையில் இருந்தவர்கள் காதில் விழுந்தது. ஒருத்தர் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டார். எங்கே பார்ப்பதென்று தெரியாமல் என் பாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வரி கட்டும் வரை வண்டியைத் தெருவில் இறக்கக் கூடாது என்று நோட்டீஸ் வந்தது. மகன் முதலில் பக்கத்து வீட்டுக்காரன் காட்டிக் கொடுத்ததாக நினைத்து வேலிக்கு அருகே போய்ச் சத்தம் போட்டான். அதைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை.

"நானாக்கும் எழுதிக் குடுத்தேன்," என்றேன்.

அவன் வேலியை விட்டுத் திரும்பி வீட்டுக்குள் போனான். மருமகள்தான் பேசினாள். "மாமிக்கு வாயில்லேண்ணுல்லா இத்தன நாளும் நெனச்சோம்."

வண்டி தென்னைக்கு அடியில் தார்ப்பாய் போட்டுக் கிடக்கிறது. வரி கட்ட அவனிடம் காசில்லை, வரி கட்டாமல் பெயர் மாறாது, பெயர் மாறாமல் எனக்குப் பென்ஷன் வராது. வங்கிக்காரர் எங்கள் வாசலைத் தாண்டி அடுத்த வீட்டுக்குப் போகிறார். மகன் என்னோடு பேசுவதில்லை. சோறு வைத்தால் தின்கிறான். நான் செய்தது சரி என்று எனக்கும் தோன்றவில்லை. ஆனால் இன்னொரு தடவை அந்த நாற்காலியில் உட்கார்ந்து அண்ணன் உண்டு என்று சொல்ல என்னால் ஆகாது.

அவன் இப்போது இரவல் பைக்கில் விடியும் முன்பே போய்விடுகிறான். மருமகள் பஸ்ஸில் போகிறாள். போன மாதம் என் ஆஸ்பத்திரி நாளன்று நாங்கள் இரண்டு பேரும் ஒரே பஸ் ஸ்டாப்பில் நின்றோம். ஒரே பஸ்ஸில் ஏறினோம். ஒரு சீட்டில் இரண்டு இடம் காலியாக இருந்தது. அவள் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள், நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். கண்டக்டர் எங்கள் இரண்டு பேரையும் பார்த்து, "ரெண்டோ?" என்று கேட்டார்.

"ஒண்ணு போரும்," என்றாள் மருமகள். "அவங்க வேற."

நான் பையைத் திறந்து, என் கோழிகள் இட்ட முட்டையை விற்ற காசில் என் டிக்கெட்டை எடுத்துக்கொண்டேன்.